ஒற்றைத் திருகாணி

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் அந்த அக்கா வாசற்படி தாண்டும் முன் நின்று, முந்தானையை விரித்து ஓர் உதறு உதறுவார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்திக் காட்டுவார். அதற்கப்புறம்தான் "வாரேன்" என்ற சொல் வாயிலிருந்து வரும். முதல் தடவை என் வீட்டில் அதைச் செய்தபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈப்போவுக்குப் பக்கத்தில், கோப்பெங் என்ற சிற்றூரில் நான் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில் களவு போவதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு காப்பி குடிக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன்.

"என்னக்கா இது? என்னைப் பாத்தா கஸ்டம்ஸ்காரி மாதிரியா இருக்கு?" என்றேன்.

"பழக்கம் டீச்சர்" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் கைகள் விரிந்தபடியே இருந்தன. நான் பார்த்துவிட்டேன் என்று நிச்சயமான பிறகுதான் கீழே இறக்கினார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயருக்கு முன்னால் வேறொரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள் இன்னமும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். படித்ததும் அவர்களுக்கு அந்தச் சொல்தான் முதலில் நாக்கில் வரும். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

நான் அப்போது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் பாதையில், சுண்ணாம்பு மலையடிவாரத்தில் இருந்தது பள்ளி. செங்கல் தூண்களின் மேல் பலகை அடித்துக் கட்டிய பழைய கட்டடம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிக் கொடுத்தது என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் மாற்றலாகி வந்தபோதே தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் ரப்பர் மரங்கள் போயின, பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போயின. எண்பதுகள் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தின் முறை வந்தது. இதை இடித்துவிட்டு மாடி வைத்த சிமெண்டுக் கட்டடம், சுற்றிலும் வரிசை வீடுகள் என்று திட்டம். பிள்ளைகளைத் தற்காலிகமாகப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள்.

கூரையையும் பலகைகளையும் கழற்றி முடித்த வாரத்தில், மலைப்பக்கம் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த இயந்திரம் ஒரு மண்பானையைக் கிளப்பிவிட்டது. பானைக்குப் பக்கத்தில் வழுவழுவென்று தீட்டிய ஒரு கற்கோடரி. அவ்வளவுதான், வேலை நின்றது. அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆறு வாரம் தோண்டிப் பார்க்க அவகாசம் கிடைத்தது. வீடு கட்டும் குத்தகைக்காரர் தினமும் ஒரு தடவை வந்து இடுப்பில் கைவைத்து நின்று பெருமூச்சு விட்டுப் போவார்.

"ஸ்கூல் சார்பா ஒரு ஆள் அங்க இருக்கணும்லா" என்று தலைமையாசிரியர் என்னைக் கை காட்டினார். ஆண்டிறுதி விடுமுறை அது. கல்யாணமாகாதவளுக்கு விடுமுறையில் என்ன பெரிய வேலை இருக்கப்போகிறது என்பது அவர் எண்ணம். முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். கிடைத்த பொருளுக்கு எண் போட்டு நோட்டில் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் கரண்டியால் சுரண்டி, மண்ணை வாளியில் அள்ளி, சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். சலிப்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் எட்டுப் பேரை எடுத்தார்கள். ஏழு பேர் பக்கத்திலேயே இருந்தவர்கள். எட்டாவது ஆள் மட்டும் குனோங் ராபாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். ஐம்பது வயதை ஒட்டிய, ஒடிசலான, புருஷனை இழந்த பெண். மகள் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள்; அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிக் கெஞ்சினாளாம். இந்த அக்கா கேட்கவில்லை. வெயிலிலும் மழையிலும் மண் சலிக்க ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்று மற்ற பெண்களுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கும்தான்.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாணமான பிறகு பதினைந்து வருடம் ஈயலம்பத்து, அதாவது ஈயச் சுரங்கத்து, கழிவு மண்ணை ஆற்றில் அலசிப் பிழைத்தவர். டூலாங் என்கிற அகலமான மரத்தட்டைத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி மண்ணை வழியவிட்டு, அடியில் தங்கும் கறுப்பு ஈயத் துகளை மட்டும் நிறுத்துகிற வேலை. சல்லடையில் ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் மண்ணைக் கொட்டப் போகும்போது இவர் தடுப்பார்.

"இல்லேன்னு அதுக்குள்ள சொல்லாதீங்க. இன்னொரு தண்ணி விடுங்க."

இதுதான் அவருடைய பேச்சு. இன்னொரு தண்ணி. சொன்னபடி இன்னொரு தண்ணீர் விட்டால் பாதித் தடவை ஏதாவது வரும். ஒரு சிறு எலும்புத் துண்டு, ஒரு பானை விளிம்பு. தோண்டும் குழுவுக்குத் தலைவராக வந்திருந்த மலாய் அதிகாரிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அந்த மனிதரை என்சிக், அதாவது ஐயா என்று கூப்பிட்டோம். அவர் இந்த அக்காவை மட்டும் மக்சிக், அதாவது சின்னம்மா என்று கூப்பிடுவார்.

ஒருநாள் மிளகு அளவுக்கு ஒரு பச்சைக் கல்மணி அவர் சல்லடையில் கிடைத்தது. வேறு யாராக இருந்தாலும் விரலால் எடுத்து ஓடி வந்திருப்பார்கள். இவர் அந்த இடத்திலேயே நின்று, "டீச்சர், இங்க வாங்க, கையப் பாருங்க" என்று கத்தினார். நான் போன பிறகு மணியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்காமல், மேசைவரைக்கும் எண்ணெய்க் கிண்ணம் கொண்டு போகிறவரைப் போல நடந்தார். வைத்ததும் இரண்டு கைகளையும் மலர்த்தினார். என்சிக் இதை ஏதோ இந்திய மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவரும் பதிலுக்குக் கையை விரித்துத் தலை குனிந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

அங்கே ஒரு ரம்புத்தான் மரம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத மரம். மதியம் எல்லோரும் விழுந்த பழத்தைப் பொறுக்கித் தின்போம். இவர் குனிய மாட்டார். நான் உரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மளிகைக் கடைக்கு ஒருமுறை அவரோடு போனேன். கடைக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். வேண்டியதை வாயால் சொல்லி, கடைக்காரரே எடுத்துப் பையில் போட்ட பிறகுதான் கையை முன்னே கொண்டு வந்தார். உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை என்று அவர் ஊரிலிருந்து அதே பஸ்ஸில் கோப்பெங் வரும் ஒரு பெண் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், இந்த நேர்மை எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. எங்களையெல்லாம் கை நீளமானவர்கள் என்று குத்திக்காட்டுகிற மாதிரி பட்டது. எனக்கு எப்போதுமே நாக்கு கொஞ்சம் முன்னால் ஓடும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், என்சிக்கோடு மலைப்பக்கம் போக வேண்டியிருந்தது. என் கைப்பையை அக்காவிடம் நீட்டி, "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு அடி பின்னால் போனார்.

"வேணாம் டீச்சர். வேற யார்கிட்டயாச்சும் குடுங்க."

"ஏன், பையில பாம்பா இருக்கு? கையில வாங்குனா கொறைஞ்சிடுவீங்களா?" என்று கடுப்பில் கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டே போய்விட்டேன்.

மதியம் பள்ளியின் பழைய கல்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கட்டடம் போய்விட்டது, தூண்களும் படிக்கட்டும் மட்டும் எங்கேயும் போகாமல் நின்றன. அக்கா தன் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். ரவிக்கையில் எப்போதும் குத்தியிருக்கும் ஊக்கை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். அந்த ஊக்கில் ஒரு சின்னச் சாவி, காது குடையும் குறும்பிவாங்கி, நூல் சுற்றிய ஏதோ ஒன்று எல்லாம் தொங்கும். நூல் சுற்றியது மந்திரித்த தகடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நா இங்கதான் படிச்சேன்."

மூன்று வாரமாக அந்த இடத்தில் வேலை செய்தவர் அதுவரை அதைச் சொல்லவே இல்லை.

"அந்தா, மூணாவது தூணு தெரியுதுல்ல, அதுக்கு மேலதான் ரெண்டாங் கிளாஸு. ஜப்பான்காரன் வாரதுக்கு முந்தி. எங்க டீச்சர் டவுன்லேருந்து வருவாங்க. செவப்புக் கல்லு வச்ச தோடு போட்டிருப்பாங்க. பாடம் நடத்தறப்ப நாங்க பொம்பளப் புள்ளைங்க அதத்தான் பாத்துக்கிட்டு இருப்போம். ஒருநா பாடத்துக்கு நடுவுல காதத் தொட்டுப் பாத்தாங்க. ஒரு தோட்டக் காணோம். எல்லாப் புள்ளைங்களும் தரையில தவழ்ந்து தேடுனோம். எனக்குத் திருகாணி கெடச்சுச்சு டீச்சர். பெஞ்சு காலுக்குப் பக்கத்துல. ஓடிப் போயிக் குடுத்தேன். தட்டிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"திருகாணி கெடச்சவளுக்குத் தோடு கெடைக்கலயான்னு கேட்டாங்க. பயந்துபோயி இத மட்டும் குடுக்கறான்னு சொன்னாங்க. பாவாடைய உதறச் சொன்னாங்க. கைய விரின்னாங்க. எல்லாப் புள்ளைங்க முன்னாடியும். மறுநாக் காலையில எங்கப்பா பெரட்டுல, எல்லாரும் பேரு குடுக்க வரிசையா நிக்கறப்ப, என்னய நடுவுல நிறுத்தி மறுபடியும் உதறச் சொன்னாரு. அவரு கெட்டவரு இல்ல டீச்சர். மானத்துக்குப் பயந்தவரு. அப்புறம் ஸ்கூலுக்கு வரவேணாம்னுட்டாங்க. வேற தோட்டத்துக்குப் போனோம். நாங்க போயிச் சேர்றதுக்கு முந்தியே எம்பேரு போயிடும். சண்ட வந்தா, தோடு திருடின்னு ஒரே வார்த்த. எம்புருசன்கூடக் கோவம் வந்தா அதத்தான் சொல்லுவாரு. மக கைப்புள்ளயா இருக்கறப்பவே அவரு போயிட்டாரு, நா தெரியாத ஊருக்கு வந்துட்டேன்."

காலையில் நான் கத்தியது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"எங்கம்மா சாவறப்ப, என்னயப் பக்கத்துல கூப்பிட்டுச்சு. ஏதோ சொல்லப் போவுதுன்னு குனிஞ்சேன். இப்பவாச்சும் சொல்லுடி, எங்க வச்சேன்னு கேட்டுச்சு."

சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு மூன்றாவது தூணைக் காட்டினார்.

"பலக இடுக்குல விழுந்திருக்கும் டீச்சர். விரலு நொழையும், அம்மாம் பெரிய இடுக்கு. நா அன்னிக்கே சொன்னேன். அடியில பாம்பு இருக்கும்னு யாரும் எறங்கல. அங்கதான் கெடக்கு. வேற எங்க போவும்? ஸ்கூல ஒடைச்சு மண்ணு சலிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் ஓடியாந்தேன்."

அன்று எனக்கு அவரைப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் மேல் மண்ணைச் சலிக்கும் எண்ணமே என்சிக்குக்கு இல்லை. பானையும் கற்கோடரியும் கிடந்தது கீழ் அடுக்கில். மேலே இருக்கும் ஓரடி மண் வெறும் பள்ளிக்கூடக் குப்பை, அதை இயந்திரம் வைத்து வழித்துவிட்டு அடியில் போகலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் போய்ப் பேசினேன். ஆயிரம் ஆயிரம் வருடத்துப் பொருள் அடியில் கிடக்கும்போது ஐம்பது வருடத்துக் குப்பைக்கு நேரம் ஏது என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நான் நகரவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில், திருகாணிக்கு என்ன சொல் என்று தெரியாமல் காதைத் தொட்டுக் காட்டி, முழுக் கதையையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தூரத்தில் சல்லடையோடு நின்ற அக்காவை ஒரு முறை பார்த்தார்.

"மூன்று நாள். மூன்றாவது தூணைச் சுற்றி ஒரே ஒரு சதுரம். நான்காம் நாள் காலையில் இயந்திரம் வரும்" என்றார்.

அந்த மூன்று நாளில் முதல் நாளைப் போல ஒரு நாளை நான் பார்த்ததில்லை. கறுத்துப் போன, பிசுபிசுவென்ற மண். அதிலிருந்து பலப்பத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. குண்டூசி, சட்டைப் பித்தான், கோலி, உடைந்த சிலேட்டு மூலை, கொண்டை ஊசி, யாரோ ஒரு பிள்ளையின் பால்பல். ஒவ்வொன்று வரும்போதும் அக்கா குழந்தை மாதிரி குதித்தார்.

"பாத்தீங்களா டீச்சர்! எல்லாம் இடுக்குல விழுந்திருக்குலா! நா பொய் சொல்லல!"

மற்ற ஏழு பெண்களுக்கும் விஷயம் தெரிந்துபோனது. வழக்கமாகக் கதை பேசிக்கொண்டே சலிப்பவர்கள், வாயை மூடிக்கொண்டு மண்ணைப் பார்த்தார்கள். குத்தகைக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடாமல் போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சதுரத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. தோடு வரவில்லை. அக்கா சலித்துக் கொட்டிய மண்ணை மறுபடியும் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. நேராகப் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன்.

ஆசாரி கடையில் பழைய நகையாகப் பார்த்துச் சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். நாடகத்துக்கு என்றேன். வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒன்றின் திருகாணியைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்கட்டில் பூச்செடி மண்ணை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். தேர்வுத்தாளில் இரண்டு மார்க் கூட்டிப் போட்டு ஒரு பிள்ளையைக் கரையேற்றிவிடுவது எங்களுக்குப் பழக்கம்தானே. யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பிள்ளைக்கும் கடைசிவரை தெரியாது.

மூன்றாம் நாள் தூறல். மதியத்துக்கு மேல் நாலைந்து வாளி மண்தான் மிச்சம். எல்லோரும் தேநீருக்குக் கை கழுவப் போன நேரத்தில் கடைசி வாளிக்குள் அதைச் செருகினேன்.

கடைசி வாளியை அக்காவின் சல்லடையில்தான் கொட்டினார்கள். நான் கொட்ட வைத்தேன். தண்ணீர் விட்டார், ஆட்டினார். இன்னொரு தண்ணீர் விட்டார். சல்லடையின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று மின்னியது. பக்கத்தில் நின்ற பெண்தான் முதலில் அலறினாள். "அக்கா! கெடச்சிருச்சு!" எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி அழுதாள். என்சிக் குழியிலிருந்து ஏறி வந்து கை தட்டினார். அக்கா மட்டும் அசையாமல் நின்றார். பிறகு சல்லடையைக் கீழே வைத்து, மண்ணிலேயே உட்கார்ந்தார்.

தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார். பிறகு ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி, நூல் சுற்றிய அந்தப் பொருளை எடுத்தார். நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். உள்ளே ஒரு திருகாணி இருந்தது. தேய்ந்து மங்கிப்போன, சின்னஞ்சிறு தங்கத் திருகாணி.

"அந்த டீச்சர் எங்கப்பாக்கிட்ட குடுத்தாங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "வேற தோட்டக் கொண்டாந்து ஏமாத்தப்படாது, இந்தத் திருகாணி ஏறுற தோட்டக் கொண்டா, அப்பதான் புள்ளயச் சேப்பேன்னு சொன்னாங்க."

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திருகாணியைத் தோட்டின் தண்டில் வைத்துத் திருகினார். ஏறவில்லை. எடுத்து, ஊதி, மறுபடி வைத்தார். மரை பிடிக்கவில்லை. அப்படியே மூன்றாவது தடவை. பழைய காலத்து ஆசாரி கையால் மரை வெட்டிய திருகாணி அது. தன் தண்டைத் தவிர வேறெதிலும் ஏறாது. அவர் தோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய், தண்டின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். விரலில் வைத்துத் தேய்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எல்லோரும் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து என் பக்கத்தில் வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"இங்க கறுப்பு மண்ணு டீச்சர். இதுல இருக்கறது உங்க வீட்டுப் பூச்செடிச் செம்மண்ணு."

நான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தேன்.

"நீங்க நெசமாவே நம்பியிருந்தா, இன்னொரு தண்ணி விடுங்கன்னு சொல்லியிருப்பீங்க. இல்லேன்னு முடிவு பண்ணிட்டுத்தானே இத வாங்கிட்டு வந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். இரண்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் முன்னால் நின்ற அதே பிள்ளை நாற்பது வருடம் கழித்து இன்னொரு டீச்சர் முன்னால் நின்றது. இந்த டீச்சரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள், வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இது அது இல்ல. யாரோ இப்ப தவற விட்டது" என்று உரக்கச் சொன்னார். தோட்டை என் கையில் வைத்தார். "யாருதுன்னு விசாரிச்சுக் குடுத்துடுங்க டீச்சர்." பிறகு, அத்தனை பேர் முன்னாலும், தூறலில் நனைந்த முந்தானையை விரித்து உதறினார். இரண்டு கைகளையும் மலர்த்தி எனக்குக் காட்டினார். நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

மக்சிக் என்ன சொன்னார் என்று என்சிக் என்னைக் கேட்டார். மலாய் தெரியாதவளைப் போல நின்றேன்.

மறுநாள் காலையில் இயந்திரம் வந்தது. அக்கா வரவில்லை, பிறகும் வரவில்லை. மூன்றாவது தூணையும் அதைச் சுற்றி இருந்த மண்ணையும் வழித்து லாரியில் ஏற்றி, வரிசை வீடுகள் வரப்போகும் பள்ளத்தில் கொட்டினார்கள். பானையும் கோடரியும் பச்சை மணியும் பஞ்சு வைத்த பெட்டியில் போயின. பலப்பத் துண்டுகளை என்ன செய்வதென்று என்சிக்குக்குத் தெரியவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தோடு அங்கே விழுந்திருக்குமா? எனக்குத் தெரியாது. சதுரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்திருக்கலாம். அந்த டீச்சரின் புடவை மடிப்பிலேயே தங்கி டவுனுக்குப் போயிருக்கலாம். பல நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மற்றதை யோசிக்கப் பயம். அக்கா எடுத்திருப்பார் என்று நான் நினைத்தேனா? நினைக்கவில்லை. எடுத்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்பினேனா? அதுவும் இல்லை. நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். பரிதாபப்பட்டால் போதும், நம்ப வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

குனோங் ராபாட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைப்பேன். போகவில்லை. புதுப் பள்ளி எழும்பியது, திறப்பு விழா நடந்தது, எனக்குக் கல்யாணம் ஆனது. நாலைந்து வருடம் ஓடிய பிறகு, சல்லடையில் கூட வேலை செய்த ஒரு பெண்ணைக் கோப்பெங் பாசாரில் பார்த்தேன். அக்கா தவறிப்போய் ஒரு வாரம் ஆகிறது என்றாள்.

அன்றைக்கே போனேன். மலைக்குக் கீழே சிறிய வீடு. மகள் கதவைத் திறந்தாள். அம்மாவின் அதே ஒடிசலான உடம்பு. நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். அம்மா உங்களப் பத்தி எப்பவும் சொல்லும். மியூசியம் ஆளுங்ககிட்ட எனக்காகப் பேசுனது அந்த டீச்சர்தான், வேற யாரும் பேசலன்னு சொல்லும்."

வேறெதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. காப்பி கொடுத்தாள், குடித்தேன். அவள் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டு வந்தாள். அதில் அந்த ஊக்கு இருந்தது. சாவி, குறும்பிவாங்கி, நூல் சுற்றிய திருகாணி.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? இது நம்ம சாமான் இல்ல, என்னோட சேத்து எரிச்சுடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பொறவு யாரோடதும்மான்னு கேட்டா, பதில் சொல்லாது."

நான் டப்பாவைக் கையில் வாங்கவில்லை. அன்று அந்த வகுப்பில் ஒரு டீச்சர் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மண் சலித்த மூன்று நாளில் நான் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார், தோட்டுக்காக இல்லை. எனக்கு அது இப்போதுதான் வாயில் வந்தது.

"உங்கம்மா எடுக்கலம்மா" என்றேன்.

மகள் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கி, ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"எத டீச்சர்?"